சிக்னல் முழுதாக இருக்கிறது, குரல் மட்டும் ஏன் அறுபடுகிறது?

கேள்வி: திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பாதிப் பேர் வெளியூர் என்பதால் மாலை வகுப்பு ஆன்லைனில்தான். ரவுட்டர் ஹாலில் இருக்கிறது. அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் அடுத்த அறையில். அதன் பின்பக்கம் கட்டைவிரல் நகம் அளவுள்ள யுஎஸ்பி வைஃபை அடாப்டரைச் செருகியிருக்கிறோம். சில மாதங்களாக, வகுப்பு நடக்கும்போது மட்டும் "மிஸ், உங்க வாய்ஸ் கட் ஆகுது" என்கிறார்கள். வைஃபை குறியில் கோடுகள் முழுதாகத் தெரிகின்றன. அதே மேசையில் இருக்கும் என் போனில் எந்தத் தடங்கலும் இல்லை. கடைக்காரர் விண்டோஸை ஃபார்மட் செய்தார். அதன் பிறகு வைஃபையே காணாமல் போய், அவர் மறுபடி வந்து டிரைவர் போட்டுக் கொடுத்தார். பழைய தொல்லை அப்படியே இருக்கிறது. இப்போது மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றிவிடலாமா? வகுப்புகளை ரெக்கார்ட் செய்து, பையன் வாங்கிக் கொடுத்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் சேர்த்து வைக்கிறேன். போர்டு மாற்றினால் அதற்கு ஏதும் ஆகாதே?

பதில்: டீச்சர், மதர்போர்டை மாற்ற வேண்டாம். ஹார்ட் டிஸ்கில் உள்ள பாடங்களுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஹார்ட் டிஸ்க்தான் வகுப்பைக் கெடுக்கிறது என்பது என் பலமான சந்தேகம். டிஸ்க் பழுதாக இல்லை. அடாப்டரும் பழுதாக இல்லாமல் இருக்கலாம். இரண்டும் கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருப்பதுதான் வம்பு.

இன்று மாலை வகுப்புக்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். ஹார்ட் டிஸ்கை முறைப்படி 'இஜெக்ட்' கொடுத்துக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். ரெக்கார்டிங் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிரைவிலேயே சேரட்டும். வகுப்பு முடிந்ததும் டிஸ்கை மாட்டி நகல் எடுத்துக்கொள்ளலாம். இதற்குக் காசும் இல்லை, கடைக்காரரும் வேண்டாம். பிள்ளைகள் இன்று "கட் ஆகுது" என்று சொல்லவில்லை என்றால் பாதி விஷயம் முடிந்தது. அப்படியே நடந்தாலும் மேலே படியுங்கள். டிஸ்கைத் தினமும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்க முடியாது, அதற்கு நிரந்தரமான வழியும் இருக்கிறது.

டிஸ்க் எப்படி வைஃபையைக் கெடுக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் டிஸ்க் யுஎஸ்பி 3.0 வகையாக இருக்க வேண்டும். கேபிளின் முனையிலும் கம்ப்யூட்டரின் துளையிலும் உள்ளே நீல நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அதுதான். அந்த வகை, நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தகவலை அனுப்புகிறது. இவ்வளவு வேகத்தில் ஓடும் மின்துடிப்பு கேபிளுக்குள்ளேயே அடங்கிக் கிடப்பதில்லை. கனெக்டரிலிருந்தும் கேபிளிலிருந்தும் கொஞ்சம் ரேடியோ இரைச்சலாகக் கசிகிறது. கசியும் இரைச்சல் பரவிக் கிடக்கும் அலைவரிசைக்குள் 2.4 கிகாஹெர்ட்ஸும் அடக்கம். உங்கள் அடாப்டர் காது கொடுத்துக் கேட்கும் அலைவரிசை அதேதான். இது கம்ப்யூட்டர் உலகத்துக்குப் புதிய செய்தி அல்ல. இன்டெல் நிறுவனமே 2012இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டு, யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்கை மாட்டியதும் 2.4 கிகாஹெர்ட்ஸில் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல் கூடுவதை அளந்து காட்டியது. கணக்கு டீச்சருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: 20 டெசிபல் என்றால் நூறு மடங்கு.

சரி, அப்படியானால் வைஃபை கோடுகள் ஏன் முழுதாகத் தெரிகின்றன? அந்தக் கோடுகள் ரவுட்டரின் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்பதை மட்டுமே சொல்கின்றன. சுற்றி எவ்வளவு இரைச்சல் இருக்கிறது என்று சொல்வதில்லை. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டும்போது பக்கத்து நாற்காலிக்காரர் வழக்கமான குரலில்தான் பேசுகிறார். ஆனாலும் நமக்கு ஒரு சொல் விளங்குவதில்லை. உங்கள் அடாப்டருக்கு நடப்பது அது.

இன்னொரு சந்தேகமும் வரலாம். இரைச்சல் உங்கள் கம்ப்யூட்டர் பக்கத்தில்தானே? அப்படியானால் பிள்ளைகளின் குரல்தான் உங்களுக்கு அறுபட வேண்டும், உங்கள் குரல் அவர்களுக்கு ஏன் அறுபடுகிறது? வைஃபையில் அடாப்டர் ஒரு துண்டுத் தகவலை அனுப்பினால் ரவுட்டர் உடனே "கிடைத்தது" என்று ஒரு சின்ன பதில் அனுப்பும். அந்தப் பதில் இரைச்சலில் காதில் விழாவிட்டால், போய்ச் சேரவில்லை என்று நினைத்து அடாப்டர் அதே துண்டை மறுபடி மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். பின்னால் வருகிற துண்டுகள் வரிசையில் காத்துக் கிடக்கும். வீடியோ பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, முன்கூட்டியே கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளும். நேரடிப் பேச்சில் காத்திருக்க நேரமில்லை. தாமதமாக வந்த துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு அது "கட்".

வகுப்பு நேரத்தில் மட்டும் வருவதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. மற்ற நேரத்தில் டிஸ்க் சும்மா கிடக்கிறது, கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போகிறது. வகுப்பு ஆரம்பித்ததும் ரெக்கார்டிங் அதில் எழுதத் தொடங்குகிறது, இரைச்சலும் தொடங்குகிறது. உங்கள் போனில் தொல்லை இல்லாததற்கு ஒரு காரணம், அது டிஸ்கை ஒட்டி இல்லை என்பது. இன்னொரு காரணம், அது அநேகமாக 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருக்கும் என்பது. இப்போது வரும் ரவுட்டர்கள் பலவும் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் ஒலிபரப்புகின்றன. எது எதில் இணைந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. போன் வேகமான பாதையை எடுத்துக்கொள்கிறது. நகம் அளவு அடாப்டர்களில் பலவற்றுக்கு 2.4ஐத் தவிர வேறு பாதையே கிடையாது.

உங்கள் அடாப்டர் எந்த ரகம் என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபை இணைப்பின் புராபர்ட்டீஸைத் திறந்து கீழே இறங்கினால் 'நெட்வொர்க் பேண்ட்', 'புரோட்டோகால்' என்று இரண்டு வரிகள் இருக்கும். பேண்ட் 2.4 என்றும், புரோட்டோகால் வைஃபை 4 என்றும் காட்டி, அட்டைப்பெட்டியிலும் 150 எம்பிபிஎஸ் என்று மட்டும் போட்டிருந்தால், அது ஒற்றைப் பாதைக்காரர்தான்.

இதுவரை சொன்னதெல்லாம் உங்கள் கடிதத்தை வைத்து நான் போட்ட கணக்கு. உங்கள் மேசையில் அது சரியா என்று நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு சோதனை சொல்கிறேன். விண்டோஸ் பொத்தானை அழுத்தி ஆங்கிலத்தில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் ஆங்கிலத்தில் 'பிங்' என்ற சொல், ஓர் இடைவெளி, உங்கள் ரவுட்டரின் எண், இன்னோர் இடைவெளி, கழித்தல் குறி, அதை ஒட்டி சிறிய 'டி' எழுத்து, பிறகு என்டர். ரவுட்டரின் எண் பல வீடுகளில் 192.168.1.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் காகிதத்திலும் அது இருக்கும்.

இப்போது நொடிக்கு ஒரு வரி என்று வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியிலும் 'டைம்' என்ற இடத்தில் ஓர் எண் இருக்கும். அது, ரவுட்டருக்குப் போய்த் திரும்ப எத்தனை மில்லி நொடி ஆனது என்ற கணக்கு. அடுத்த அறையிலிருந்து நல்ல வைஃபை என்றால் 1, 2, 3, 2, 5, 2 என்று ஒற்றை இலக்கத்திலேயே ஓடும். எப்போதாவது ஒரு 20 வந்தால் கவலைப்பட வேண்டாம். டிஸ்க் இல்லாமல் ஓரிரு நிமிடம் இதைக் கவனியுங்கள். அப்புறம் டிஸ்கை மாட்டி, பெரிய வீடியோ ஒன்றை அதற்கு நகலெடுக்கச் சொல்லிவிட்டு, கறுப்புப் பெட்டியையே பாருங்கள். 2, 3 என்று போன எண்கள் திடீரென்று 85, 240, 11, 610 என்று துள்ளினாலோ, நடுநடுவே 'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்' என்ற வரி வந்தாலோ கள்வனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். நகலெடுப்பை நிறுத்தியதும் எண்கள் மறுபடி சின்னதாகிவிட்டால் வேறு சாட்சி வேண்டாம். கன்ட்ரோல் பொத்தானுடன் சி அழுத்தினால் சோதனை நின்றுவிடும்.

ஏன் ரவுட்டரின் எண்ணைக் கொடுக்கச் சொன்னேன் என்றால், கம்ப்யூட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் உள்ள தூரத்தை மட்டும் அது தனியாகச் சோதிக்கிறது. ரவுட்டர் வரை எண்கள் ஒழுங்காக இருந்து வகுப்பு மட்டும் அறுபட்டால், கோளாறு வீட்டுக்கு வெளியே, இணைய இணைப்பில். அப்போது அடாப்டரை மாற்றுவதும் வீண், மதர்போர்டை மாற்றுவதும் வீண். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஃபார்மட், போர்டு என்று இறங்குவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. டியூஷன் காசில் வாங்கிய கம்ப்யூட்டர் அது. எங்கே கோளாறு என்று தெரியாமல் யாரும் அதில் கை வைக்கக் கூடாது.

மதர்போர்டு பற்றியும் சொல்லிவிடுகிறேன். யுஎஸ்பி துளையோ போர்டோ தகராறு செய்தால் அடாப்டரே கம்ப்யூட்டரிலிருந்து விடுபட்டுப் போகும். அப்போது பென் டிரைவைக் கழற்றும்போது கேட்குமே ஒரு 'டிங்-டாங்' சத்தம், அது கேட்கும். வைஃபை குறி மறைந்து கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப வரும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு பாடம் எடுப்பவர் என்றால் அந்தச் சத்தம் உங்கள் காதுக்குள்ளேயே கேட்டிருக்கும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, குறி முழுதாக நிற்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆக, அடாப்டர் ஒழுங்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கேட்கத்தான் முடியவில்லை.

இனி நிரந்தர வழி. கடையில் ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் கேளுங்கள். ஒரு முனையில் ஆண், மறுமுனையில் பெண். யுஎஸ்பி 2.0 போதும், சின்ன அடாப்டருக்கு அதற்கு மேல் தேவையில்லை. நீலத் துளையில் செருகாமல் கறுப்புத் துளையில் செருகி, மறுமுனையில் அடாப்டரை மாட்டி, மேசைக்கு மேலே, ஹால் பக்கம் பார்க்க வைத்துவிடுங்கள். இரட்டைப் பக்க டேப் போட்டு மேசையின் விளிம்பில் ஒட்டினால் நகராது. டிஸ்கைக் கம்ப்யூட்டரின் மறுபக்கம், கேபிள் எட்டுகிற தூரத்துக்குத் தள்ளி வையுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்றடி இருந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. இப்போது அடாப்டர் இருக்கிற இடத்தை யோசியுங்கள். ஒரு பக்கம் கேபினட்டின் இரும்புத் தகடு, அடுத்த பக்கம் சுவர், மேலே மேசைப் பலகை, சுற்றி மானிட்டர் கேபிளும் பவர் வயரும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். அதைப் பிடிக்க வேண்டிய ஆன்டெனா அந்த நகத்துக்குள் மடங்கிக் கிடக்கிறது. அதை இரும்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பாவம் என்னதான் செய்யும்! ஹாலுக்கும் அறைக்கும் நடுச்சுவரை ஒட்டி இரும்பு பீரோ நின்றால் அதையும் கணக்கில் எடுங்கள். பீரோவை நகர்த்த வேண்டாம், அடாப்டரை அதன் நிழலிலிருந்து வெளியே கொண்டுவந்தால் போதும். அரை அடி நகர்த்தினாலே சில வீடுகளில் நிலைமை மாறிவிடும். அந்தக் கறுப்புப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நகர்த்திப் பாருங்கள், நல்ல இடம் தானே தெரியும்.

யூடியூபில் இந்தத் தொல்லைக்கு முதலில் சொல்வது பவர் மேனேஜ்மென்ட் விஷயம். டிவைஸ் மேனேஜரில் அடாப்டரின் புராபர்ட்டீஸைத் திறந்து, மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற இடத்தில் உள்ள டிக் குறியை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுத்துவிடுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் அது, கம்ப்யூட்டர் சும்மா இருந்துவிட்டு எழும்போது வைஃபை வராமல் போகிற கோளாறுக்கு மருந்து. உங்களுக்கோ முழு மூச்சில் வேலை நடக்கும்போதுதான் வருகிறது. அதனால் அதன் மேல் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

அப்புறம், ஃபார்மட் செய்ததும் வைஃபை காணாமல் போன கதை. அது மறுபடியும் வரலாம் என்பதால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அடாப்டரைப் பேச வைக்கும் மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸோடு பல டிரைவர்கள் வரும், எல்லாம் வராது. டிரைவரை இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்று முட்டிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தில் உங்கள் ஆண்ட்ராய்டு போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டி, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் இருக்கும் இடத்தில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை ஆன் செய்யுங்கள். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அந்த இணையமே கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும், மொபைல் டேட்டா தீராது. விண்டோஸ் அப்டேட்டை ஓடவிட்டால் பெரும்பாலும் டிரைவரைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். வகுப்பு நடுவில் வைஃபை மொத்தமாகப் போனாலும் இதே வழி உங்களைக் காப்பாற்றும்.

சில அடாப்டர்கள் புதிதாகச் செருகியதும் சிடி டிரைவ் போலத் தோன்றும். பயப்பட வேண்டாம், டிரைவர் அதற்குள்ளேயே இருக்கிறது. திறந்து செட்டப்பை ஓடவிட்டால் அது அடாப்டராக மாறிவிடும். எப்படியும் டிரைவருக்காக இணையத்தில் கண்ட இடத்தில் தேடாதீர்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 37 டிரைவர்கள் பழசு" என்று மிரட்டும் மென்பொருள்கள் எதையும் இறக்காதீர்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்துக்கு நேராகப் போங்கள், போகும்போது அடாப்டரின் மேலோ பெட்டியிலோ உள்ள வெர்ஷன் எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மாடல் பெயரில் உள்ளே வேறு வேறு சிப் இருப்பது உண்டு. டிபி-லிங்கின் டபிள்யூஎன்722என் என்ற பெயர்பெற்ற அடாப்டரில் முதல் வெர்ஷனில் இருந்தது ஏதரோஸ் சிப், இரண்டாவதில் ரியல்டெக். ஒன்றின் டிரைவர் மற்றதற்கு ஆகாது.

கேபிள் போட்டுத் தள்ளி வைத்த பிறகும் மாலையில் மட்டும் எண்கள் துள்ளினால், அது தெருவில் உள்ள மற்ற வீடுகளின் வைஃபை நெரிசல். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள், அதாவது அந்த அலைவரிசையின் உட்பிரிவுகள், மூன்றுதான்: 1, 6, 11. ரவுட்டர் செட்டிங்ஸில் 'ஆட்டோ' என்றிருப்பதை இந்த மூன்றில் காலியான ஒன்றுக்கு மாற்றி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கச் சொல்லுங்கள். இதைப் பையன் செய்துவிடுவார். அல்லது 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் டூயல் பேண்ட் அடாப்டருக்கு மாறிவிடலாம். வாங்கும்போது வெளியே ஆன்டெனா நீட்டிக்கொண்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நகம் அளவு வேண்டவே வேண்டாம்.

ஆனால் டீச்சர், மனசில் பட்டதைச் சொல்கிறேன். தினமும் வகுப்பு எடுத்து அதில் சம்பாதிப்பவருக்கு வைஃபையே இரண்டாம் பட்சம். உங்கள் டெஸ்க்டாப்பின் பின்னால் டெலிபோன் பின்னைவிடச் சற்று அகலமாக ஒரு துளை இருக்கும், அதுதான் லேன் போர்ட். ஹாலில் இருக்கும் ரவுட்டரிலிருந்து கேட் 6 எனப்படும் நெட்வொர்க் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்து அதில் மாட்டிவிட்டால் டிஸ்க், பீரோ, பக்கத்து வீட்டு வைஃபை எதுவும் கிட்டே வராது. இந்த வகைக் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், உங்களுக்குப் பதினைந்து மீட்டர் தாராளம். இரண்டு முனையிலும் பின் பொருத்தியதாகவே கடையில் கிடைக்கும். எலக்ட்ரீஷியனிடம் சொல்லும்போது கரண்ட் வயர் போகிற பைப்பில் இதைச் சேர்த்து இழுக்க வேண்டாம், தனி கேசிங்கில் கொண்டு போங்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். லேன் மாட்டியதும் விண்டோஸ் தானாகவே அதற்கு முன்னுரிமை கொடுக்கும். அடாப்டர் அப்படியே இருக்கட்டும், ஏதாவது ஆத்திர அவசரத்துக்கு உதவும்.

பரீட்சை நெருங்குகிற நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம். இன்று டிஸ்கைக் கழற்றிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்டென்ஷன் கேபிள், பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் லேன் வயர். டிஸ்க் இல்லாமலும் எண்கள் துள்ளினால் எனக்கு மறுபடி எழுதுங்கள். எழுதும்போது கறுப்புப் பெட்டியைப் போனில் படம் பிடித்தது ஒன்று, கம்ப்யூட்டரின் முதுகைப் படம் பிடித்தது ஒன்று, அடாப்டரின் பெயரும் வெர்ஷனும் சேர்த்து அனுப்புங்கள். கடைக்காரரிடம் போர்டு வேலையை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிவிடுங்கள். முன்பணம் கொடுத்திருந்தால் அதிலேயே அந்த எக்ஸ்டென்ஷன் கேபிளைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.